பாலங்களின் மீது ஏறும் கணக்கில் வராத பாரம்

ஒரு பாலம் இடிந்து விழுந்தால் அதன் வயது என்ன, அதைக் கட்டியவர் யார், கடைசியாக எப்போது பழுதுபார்த்தார்கள் என்ற மூன்று கேள்விகளும் அன்று மாலைக்குள் எழுந்துவிடுகின்றன. அத்தனை ஆண்டுகளும் அதன் மீது எவ்வளவு எடை ஓடியது என்ற நான்காவது கேள்வி எழுவதே அரிது. எழுந்தாலும் அதற்கு விடை சொல்லும் பதிவேடு பெரும்பாலான பாலங்களுக்கு இல்லை. 2025 ஜூலை 9 அன்று குஜராத்தில் மஹிசாகர் ஆற்றின் மீதிருந்த கம்பீரா பாலத்தின் ஒரு கண், அதாவது இரு தூண்களுக்கு இடைப்பட்ட தளப் பகுதி, முறிந்து விழுந்ததில் லாரிகள் உள்ளிட்ட வாகனங்கள் ஆற்றில் சரிந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1985இல் பயன்பாட்டுக்கு வந்த அப்பாலத்தில் உத்தரங்கள் வந்து அமரும் பீடமும் மூட்டும் நொறுங்கியதே காரணம் என்று முதற்கட்ட ஆய்வுக்குப் பின் அம்மாநில அரசு அறிவித்தது. ஒவ்வொரு லாரியும் கடக்கும்போது அதன் பாரத்தைத் தூணுக்குக் கடத்தும் இடம் அந்த மூட்டுதான் என்பதால், நாற்பது ஆண்டுகளில் அது வாங்கிய எடையின் வரலாறு இல்லாமல் அதன் சிதைவை முழுமையாக விளக்கிவிட முடியாது.

உலகெங்கும் பாலங்கள் விழுவதற்கு வெள்ளத்தில் அடித்தள மண் அரிக்கப்படுவதே முதன்மையான காரணங்களில் ஒன்று என்பதையும், கப்பலோ லாரியோ மோதி விழுந்த பாலங்கள் பல உண்டு என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அதிக பாரம் ஏற்றிய ஒரே லாரியால் நல்ல நிலையிலுள்ள பாலம் அக்கணமே முறிவது அரிது. ஆயினும் வெள்ளத்தை நிறுத்த முடியாது, கான்கிரீட் முதுமை அடைவதைத் தடுக்க முடியாது. பாலத்தை நலிவடையச் செய்யும் காரணிகளில் முழுக்க முழுக்க மனிதர் கையில் இருப்பது அதன் மீது ஏறும் எடை ஒன்றே. அந்த ஒன்றை இந்தியா அளக்காமலேயே விட்டுவைத்திருக்கிறது என்பதுதான் இங்கு முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு.

விதியில் உள்ள லாரியும் வீதியில் ஓடும் லாரியும்

இந்தியாவில் ஒரு சாலைப் பாலம் எந்த எடையைத் தாங்க வேண்டும் என்பதை இந்திய சாலைகள் காங்கிரஸ் வெளியிடும் ‘ஐஆர்சி:6’ என்ற விதித்தொகுப்பு வரையறுக்கிறது. அதில் ‘ஏ வகுப்பு’ எனப்படும் சுமை, எட்டு அச்சுகளும் மொத்தம் 55.4 டன் எடையும் கொண்ட ஒரு கற்பனை வாகனத் தொடராகும். அதன் மிகக் கனமான இரண்டு அச்சுகள் 1.2 மீட்டர் இடைவெளியில் தலா 11.4 டன்னைத் தளத்தின் மீது இறக்குகின்றன. முக்கிய நெடுஞ்சாலைப் பாலங்களுக்கு இதனுடன் ‘70ஆர்’ என்ற, ஏழு அச்சுகளில் 100 டன் எடையைச் சுமக்கும் வாகனத்தையும் பொறியாளர்கள் கணக்கில் கொள்கின்றனர். கிளைச் சாலைகளில் உள்ள பல பழைய, சிறிய பாலங்கள் ஏ வகுப்பையோ அதற்கும் குறைந்த சுமையையோ மட்டும் எண்ணிக் கட்டப்பட்டவை.

2018 ஜூலையில் மத்திய அரசு சரக்கு வாகனங்களின் எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர்கள் கொண்ட தனி அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பு 11.5 டன் ஆனது. பின்புறம் அருகருகே அமைந்த இரட்டை அச்சுக்கு 19 டன் 21 டன்னானது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னுக்கு ஏறியது. ஏ வகுப்பின் இரு கனமான அச்சுகள் சேர்ந்து 22.8 டன் என்பதை இதனுடன் ஒப்பிட்டால், சட்டத்துக்கு உட்பட்டு ஓடும் லாரியே பழைய சுமை வரையறையின் விளிம்புக்கு வந்துவிட்டது புலப்படும். வாகனத் தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது, லாரிகள் அந்த எடையைத் தாங்கும் என்ற வாதத்தில் தவறில்லை. அந்த லாரி ஏறும் ஊராட்சிச் சாலைப் பாலமும் அதே ஆண்டில் வலுவடைந்துவிட்டதா என்பதற்குத்தான் விடையில்லை.

சட்டத்தை மீறும் லாரிக்கு வரும்போது கணக்கு வேறாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் மணலும் எம்-சாண்டும் ஜல்லியும் நெடுங்காலமாக யூனிட் கணக்கில், அதாவது 100 கன அடி கொண்ட கொள்ளளவில், விற்கப்பட்டு வருகின்றன. ஒரு யூனிட் எம்-சாண்ட் ஏறத்தாழ நான்கரை முதல் ஐந்து டன் வரை இருக்கும். கழுவிய ஈரத்தோடு ஏற்றினாலோ மழையில் நனைந்தாலோ அது இன்னும் கூடும். சுமார் 12 டன் வெற்று எடை கொண்ட மூன்று அச்சு டிப்பரில் மூன்றரை யூனிட் ஏற்றினாலே 28.5 டன் வரம்பு நிரம்பிவிடுகிறது. பக்கப் பலகையை உயர்த்தி ஆறு யூனிட் ஏற்றினால் மொத்த எடை 40 டன்னைத் தொடும். முன் அச்சுக்குப் போக மீதி 32 டன்னுக்கு மேல் பின்புற இரட்டை அச்சில் இறங்கும். ஏ வகுப்பின் 22.8 டன்னைவிட இது நாற்பது சதவீதம் அதிகம். வாங்குபவரும் விற்பவரும் கன அடியில் பேசிக்கொண்டிருக்க, பாலம் மட்டும் டன் கணக்கில் வாங்கிக்கொள்கிறது.

அப்படியானால் இத்தகைய பாலங்கள் ஏன் உடனே விழுவதில்லை என்ற கேள்வி நியாயமானது. வடிவமைப்பின்போது வாகனச் சுமையை ஒன்றரை மடங்காகப் பெருக்கிக் கணக்கிடுவதும், கான்கிரீட்டின் வலிமையைக் குறைத்து மதிப்பிடுவதும் விதிப்படி கட்டாயம் என்பதால் ஒவ்வொரு பாலத்திலும் ஓரளவு மிகைவலு இருக்கிறது. கட்டுமானத்தில் நேரும் குறை, துருவேறிய கம்பி, எதிர்பாராத வெள்ளம், கணக்கில் தப்பிய பிழை ஆகிய அனைத்துக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்ட இருப்பு அது. லாரி உரிமையாளர் ஒருவர் தம் லாபத்துக்காக அதில் பெரும்பங்கை நாள்தோறும் எடுத்துக்கொண்டால், உண்மையான ஆபத்து வரும் நாளில் பாலத்திடம் மிச்சம் ஏதும் இருக்காது.

சோர்வின் கணிதம்

ஒரு கம்பியை ஒரே முறை வளைத்தால் அது முறிவதில்லை, முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் முறிந்துவிடுகிறது. உலோகச் சோர்வு எனப்படும் இந்த இயல்பை ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரயில் அச்சுகளைச் சோதித்து முறைப்படி ஆராய்ந்தார். தாங்கும் வலிமைக்கு வெகு கீழான விசைகூட லட்சக்கணக்கான முறை வந்துபோனால் உலோகத்தில் நுண்விரிசலை உண்டாக்கி வளர்க்கும் என்பது அவருக்குப் பின் வந்த பாலப் பொறியியலின் அடிப்படையாயிற்று. எஃகுப் பாலங்களில் இந்தச் சேதம் விசையின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. எடை இரு மடங்கானால் சேதம் எட்டு மடங்காகும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகளுக்கு இந்த ஏற்றம் இன்னும் செங்குத்தானது. சாலைத் தளத்துக்கு அது ஏறத்தாழ நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்பதை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த மாபெரும் சாலைச் சோதனை காட்டியது.

அதிகம் ஏற்றினால் நடை குறையும், ஆகவே பாலத்துக்கும் நன்மைதானே என்று சொல்லப்படுவதுண்டு. மேற்சொன்ன டிப்பரையே எடுத்துக்கொண்டு இதைச் சரிபார்க்கலாம். சட்டப்படி 28.5 டன்னில் நூறு நடை அடித்துக் கொண்டுசேர்க்கும் எம்-சாண்டை, 40 டன் எடையில் ஓடும் லாரி ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது நடைகளில் கொண்டுசேர்த்துவிடும். எடை 1.4 மடங்கானதால் ஒவ்வொரு நடையும் எஃகுப் பாலத்துக்குச் செய்யும் சேதம் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது, நடை குறைந்ததைக் கழித்த பிறகும், அதே அளவு எம்-சாண்டுக்காகப் பாலம் அடையும் தேய்மானம் அறுபது சதவீதம் கூடிவிடுகிறது. சாலைக்கு அது இரு மடங்கையும் தாண்டுகிறது. உரிமையாளர் மிச்சம் பிடிக்கும் டீசல் செலவு இப்படி அரசின் பழுதுபார்ப்புச் செலவாக மாறுகிறது.

முன்தகைவுக் கான்கிரீட் பாலங்களில், அதாவது உயர்வலிமைக் கம்பிவடங்களை இழுத்துக் கட்டிக் கான்கிரீட்டை முன்கூட்டியே அழுத்தத்தில் வைக்கும் பாலங்களில், வரம்புக்குள் எடை ஓடும்வரை விரிசல் திறப்பதில்லை, சோர்வும் மிகக் குறைவு. வரம்பு மீறிய எடை விரிசலைத் திறந்துவிட்டால், அதுவரை கான்கிரீட் சுமந்த விசை மாறுபாடு கம்பிவடத்தின் மீது பாய்கிறது. திறந்த விரிசல் வழியே நீரும் கடற்காற்றின் உப்பும் உள்ளே செல்கின்றன. பாரமும் துருவும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுச் சேர்ந்து வேலை செய்கின்றன. இதனால்தான் இடிந்த பாலத்துக்கு எது காரணம் என்று தனியாகப் பிரித்துச் சொல்ல விசாரணைக் குழுக்கள் திணறுகின்றன.

பாலத்தின் நீளத்துக்கு ஏற்பவும் ஆபத்தின் தன்மை மாறும். சிறுபாலங்களை ஆள்வது ஒற்றை அச்சின் எடை. அங்கே அதிர்வும் சேர்ந்துகொள்கிறது. ஓடும் வாகனத்தின் குலுக்கலுக்காக ஏ வகுப்புச் சுமையை, 3 மீட்டர் நீளக் கண்ணுடைய கான்கிரீட் பாலத்தில் 50 சதவீதமும் 30 மீட்டர் கண்ணில் 12.5 சதவீதமும் கூட்டிக் கணக்கிட வேண்டும் என்பது ஐஆர்சி விதி. பாலத்தின் தொடக்கத்தில் சாலை தாழ்ந்து மேடுபள்ளமாகிவிட்டால் உண்மையான குலுக்கல் இதையும் மிஞ்சக்கூடும். நீண்ட பாலங்களுக்கோ வேகமாக ஓடும் லாரியைவிட, நெரிசலில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நிற்கும் லாரி வரிசையே பெரிய சோதனை.

முதலில் நலிவடையும் உறுப்புகள்

அதிக பாரத்தின் தடயங்கள் பெரிய உத்தரங்களில் தோன்றுமுன் சிறிய உறுப்புகளில் தென்படத் தொடங்குகின்றன: சக்கரம் நேரடியாக அழுத்தும் தளம், வெப்பத்தில் பாலம் நீளவும் சுருங்கவும் இடம்தரும் விரிவு இணைப்பு, தூணுக்கும் உத்தரத்துக்கும் இடையிலுள்ள பேரிங். திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும், 1976இல் கட்டப்பட்ட காவிரிப் பாலத்தை 2022-23இல் மாதக்கணக்கில் மூடிவைத்துச் செய்த வேலை பெரும்பாலும் இணைப்புகளையும் பேரிங்குகளையும் சார்ந்ததே. கன்னியாகுமரி மாவட்டத்தில் 2018இல் திறக்கப்பட்ட மார்த்தாண்டம் மேம்பாலத்தில் 2024 மே மாதத்தில் தளமே உடைந்து பெரும்பள்ளம் விழுந்தது. கேரளத்துக்குக் கனிமம் ஏற்றிச் செல்லும் டாரஸ் லாரிகளின் அணிவகுப்பைப் பற்றி அம்மாவட்ட மக்கள் நெடுநாட்களாக முறையிட்டுவந்த பின்னணியில் அது நேர்ந்தது. ஆறே ஆண்டில் ஒரு தளம் உடைவதற்குக் கட்டுமானத் தரமும் காரணமாகலாம், பாரமும் காரணமாகலாம்; அங்கே ஓடிய எடையின் பதிவு பொதுவெளியில் இருந்திருந்தால் இந்த வாதத்தை ஊகத்தில் நடத்த வேண்டியிருந்திருக்காது.

பாட்னாவின் மகாத்மா காந்தி சேது இதைவிடப் பெரிய பாடம். கங்கையின் மீது 1982இல் திறக்கப்பட்ட, ஐந்தரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள அந்தப் பாலத்தில், ஒவ்வொரு தூணிலிருந்தும் இருபுறம் நீண்ட கான்கிரீட் கைகள் கண்ணின் நடுவே ஒரு மூட்டில் சந்தித்தன. வட பீகாரைத் தலைநகருடன் சேர்க்கும் முதன்மை வழியாக அது நெடுங்காலம் இருந்ததால், லாரி நெரிசல் அதன் அன்றாட நிலையாயிற்று. மூட்டுகள் தேய்ந்தன, கைகளின் முனைகள் தாழ்ந்தன, கம்பிவடங்களின் இழுவிசை தளர்ந்தது. பல பழுதுபார்ப்புகளுக்குப் பிறகு மேற்கட்டுமானம் முழுவதையும் அகற்றி எஃகுச் சட்டங்களை வைக்க வேண்டியதாயிற்று; அவ்வேலை 2022இல்தான் நிறைவுற்றது. நூறாண்டு காலம் நிற்க வேண்டிய பாலம் நாற்பதாண்டில் மறுபிறவி எடுத்தது.

வாகனங்களின் எடை தலைமுறைதோறும் ஏறுவதைப் பாலம் அறியாது என்பதற்கு அமெரிக்காவின் சில்வர் பாலம் சான்று. ஒஹாயோ ஆற்றின் மீது 1928இல் அது கட்டப்பட்டபோது அங்கே லாரிகளின் எடை வரம்பு சுமார் 9 டன். 1967 டிசம்பர் 15 மாலை, நெரிசல் நேரத்தில் அது விழுந்தபோது அந்த வரம்பு சுமார் 27 டன். தொங்கு சங்கிலியின் ஒரு கண்ணியிலிருந்த இரண்டரை மில்லிமீட்டர் விரிசல், அரிப்பும் சோர்வும் சேர்ந்து முறிவாக மாறியதில் 46 பேர் இறந்தனர். கண்ணிக்கு இரண்டே சட்டங்கள் என்பதால் ஒன்று முறிந்தபின் பாரத்தை ஏற்க மாற்று வழியே இருக்கவில்லை. அந்தத் துயரத்துக்குப் பின்னரே இரண்டாண்டுக்கு ஒருமுறை பாலங்களைச் சோதிப்பது அந்நாட்டில் தேசிய நடைமுறையானது. பிரான்சின் மிர்ப்வா-சுர்-தார்ன் என்ற ஊரில் 2019 நவம்பரில் நடந்தது வேறு விதம். 19 டன் என்று அறிவிப்புப் பலகை வைத்திருந்த தொங்கு பாலத்தில் 50 டன்னுக்கும் மேற்பட்ட லாரி ஏறியது. பாலம் அறுந்து, ஓட்டுநரும் காரில் வந்த ஒரு சிறுமியும் உயிரிழந்தனர். பலகை மட்டும் எவரையும் காப்பதில்லை.

தாரும் ஒரு பாரம்

பாலத்தின் மீது நிரந்தரமாக அமர்ந்துவிடும் எடையைப் பற்றி நம் நாட்டில் பேச்சே இல்லை. 100 மீட்டர் நீளமும் 7.5 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பாலத்தில், பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே 50 மில்லிமீட்டர் கனத்துக்குப் புதுத் தார் போட்டால் ஏறத்தாழ 90 டன் எடை கூடுகிறது. இரண்டு, மூன்று முறை இப்படிச் சாலை போட்ட பிறகு, பத்துப் பதினைந்து லோடு லாரிகளின் சரக்கு இரவும் பகலும் இறங்காமல் நிற்பதற்குச் சமம். தேர்தலுக்கு முன் அவசரமாகப் போடப்படும் தார்ச்சாலை பாலத்தையும் கடந்து ஓடும்போது, ஒப்பந்ததாரருக்கு அது வெறும் சதுர மீட்டர் கணக்கு.

மினியாபோலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மீதிருந்த ஐ-35டபிள்யூ பாலத்தின் கதை இதற்கு எச்சரிக்கை. 1967இல் திறக்கப்பட்ட அதன் எஃகுச் சட்டங்களை இணைத்த தகடுகள் சில, வடிவமைப்புப் பிழையால் இருக்க வேண்டிய கனத்தில் பாதியே இருந்தன. 1977இல் தளத்தின் மீது இரண்டு அங்குலக் கான்கிரீட் கூடுதலாக இடப்பட்டது, 1998இல் மேலும் எடை கூடியது. 2007 ஆகஸ்ட் 1 அன்று மராமத்துக்காக மணல், ஜல்லி, இயந்திரங்கள் என 260 டன்னுக்கும் மேல் தளத்தில் குவிக்கப்பட்டிருந்த நிலையில் மாலை நெரிசலில் பாலம் சரிந்து 13 பேர் இறந்தனர். நாற்பது ஆண்டுகள் ஒளிந்திருந்த பிழையை வெளியே இழுத்தது கூடிக்கொண்டே போன எடை.

சட்டம் இருக்கிறது, எடைக்கணக்கு இல்லை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 113ஆம் பிரிவு வரம்பு மீறிய எடையுடன் ஓட்டுவதையும் ஓட்டவைப்பதையும் தடைசெய்கிறது. ஓட்டுபவர் உரிமையாளரல்லாத வேறொருவராயின், உரிமையாளரின் உத்தரவின்பேரிலோ அவர் அறியவோ அது நடந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்றும் சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் 194ஆம் பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்காமல் வண்டி நகரவே கூடாது. குறிப்பிட்ட பாலத்தில் கனரக வாகனங்களைத் தடுக்க 115ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது. முன்பணம் கட்டி அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு அதிக பாரத்துடன் ஓடலாம் என்று சில மாநிலங்கள் வைத்திருந்த ஏற்பாட்டை 2005இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று நிறுத்தியது. இவ்வளவும் இருந்தும் நடைமுறையில் அபராதம் கட்டுபவர் வழி தொடர்கிறார், சரக்கு இறக்கப்படுவதில்லை. லோடு ஏற்றிய குவாரியின் வாசலில் எவரும் நிற்பதில்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஓட்டுநர், எடையைத் தீர்மானிக்கும் அதிகாரம் சிறிதும் இல்லாதவர், சாலையில் பிடிபடுகிறார். இது அநீதி.

2016இல் தொடங்கப்பட்ட இந்தியப் பால மேலாண்மை அமைப்பு, தேசிய நெடுஞ்சாலைகளில் சிறுபாலங்களையும் சேர்த்து 1.7 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டமைப்புகளைப் பட்டியலிட்டது பாராட்டத்தக்க வேலை. பழைய பாலத்தின் தாங்குதிறனை மறுமதிப்பீடு செய்வதற்கு ‘ஐஆர்சி:எஸ்பி:37’ என்ற வழிகாட்டுதலும் உண்டு. ஆனால் மதிப்பீட்டுக்கு வேண்டிய முக்கியமான எண், அதாவது அந்தப் பாலத்தில் உண்மையில் ஓடும் அச்சுப் பளு, கையில் இல்லை. வாகனத்தை நிறுத்தாமலே எடைபோடும் உணரிகளைச் சாலையில் பதிக்கலாம். பாலத்தின் உத்தரத்துக்கு அடியில் திரிபுமானிகளை ஒட்டி, பாலத்தையே எடைமேடையாக்கும் முறையை அமெரிக்கப் பேராசிரியர் ஃபிரெட் மோசஸ் 1979இலேயே விளக்கிவிட்டார். சுங்கச்சாவடிகளில் மட்டும் எடைபோடுவது போதாது. அங்கே பிடிபட விரும்பாத லாரி கிளைச் சாலைக்குத் திரும்பி, ஏ வகுப்பை மட்டுமே நம்பிக் கட்டிய சிறுபாலத்தில் ஏறுகிறது. வலுவான பாலத்தைக் காத்து வலுவற்ற பாலத்தைப் பலிகொடுக்கும் ஏற்பாடாக அது முடிகிறது.

தமிழ்நாட்டில் சீனியரேஜ் எனப்படும் கனிம உரிமைத்தொகை 2025இல் கன மீட்டர் கணக்கிலிருந்து டன் கணக்குக்கு மாறியிருப்பது, வருவாயை எண்ணிச் செய்ததாயினும், பாலங்களுக்கும் ஒரு வாய்ப்பு. குவாரியிலேயே எடை பதிவாகுமானால், நடைச்சீட்டில் உள்ள டன்னும் வண்டிக்கு அனுமதித்த டன்னும் பொருந்தாத லாரியை வாசலிலேயே நிறுத்திவிடலாம். அதற்கு முன்பாகவே செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஜல்லியையும் எம்-சாண்டையும் பெருமளவில் வாங்குவோரில் நெடுஞ்சாலைத் துறையும் பொதுப்பணித் துறையும் அடங்கும். அவற்றின் ஒப்பந்ததாரர்களுக்குச் சரக்கு கொண்டுவரும் லாரிகளே அத்துறைகள் பராமரிக்கும் பாலங்களின் மீது ஓடுகின்றன. ஒவ்வொரு லோடுக்கும் எடைமேடைச் சீட்டு இணைக்கப்படாத பட்டியலுக்குப் பணம் வழங்கப்படாது என்ற ஒரே நிபந்தனையை அரசு தன் டெண்டர்களில் சேர்க்க வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, தலைமைப் பொறியாளரின் ஒரு சுற்றறிக்கை போதும்.